நிறைஞ்சிருக்கு

காலிச் சட்டி கனத்தது. கழுவுவதற்காக அதன் இரண்டு காதுகளையும் துணியால் பிடித்துத் தூக்கிய வீட்டம்மா, தூக்கிய வேகத்திலேயே அதை மறுபடி அடுப்பின் மேல் வைத்துவிட்டாள். அடி கனத்த இரும்புச் சட்டிதான். ஆனால் மணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஏற்றி இறக்கும் சட்டி. காலியாக இருந்தால் கைக்கு எவ்வளவு, பாதி இருந்தால் எவ்வளவு, விளிம்பு வரை இருந்தால் எவ்வளவு என்பது அவள் மணிக்கட்டுக்குத் தெரியும். மணிக்கட்டு இப்போது விளிம்பு வரை என்றது.

முன்னறையில் விருந்தாளி காத்திருந்தார்.

அந்த வீட்டுச் சாப்பாட்டைப் பற்றித் தெருவில் இரண்டாவது பேச்சு கிடையாது. வாரக் கடைசியில் உறவு முழுவதும் வந்துவிடும். மதியமே அடுப்பில் ஏறிய எலும்பு, சாயங்காலம் வரை மிளகோடும் இஞ்சியோடும் மெல்லக் கொதித்து, கறி தானாக எலும்பை விட்டு இறங்கும். மிளகு தடவிச் சுட்ட முழு மீன், பூண்டில் புரட்டிய இறால், ஓட்டோடு வேகவைத்த நண்டு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக மேசைக்கு வரும். யாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை; கேட்கும் முன் தட்டில் விழுந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் வாசலில் வந்து நின்றவரைத் திருப்பி அனுப்பியதாக அந்த வீட்டின் மேல் ஒரு சொல் கிடையாது. மாமனார் கட்டிக் காத்த பெயர் அது. அவர் போன பிறகு அதைச் சுமக்கும் முறை வீட்டம்மாவுடையது. அவள் அதை முதுகு வளையாமல் சுமந்தாள்.

மாமனார் விட்டுப் போன இன்னொன்றும் இருந்தது. அடுப்படியில் 'இல்லை' என்ற சொல் வரக்கூடாது. உப்புத் தீர்ந்தால் உப்பு நிறைஞ்சிருக்கு என்று சொல்ல வேண்டும். சோற்றுப் பானை காலியானால் பானை நிறைஞ்சிருக்கு. "இல்லைன்னு சொன்னா அது காதுல வாங்கிக்கும். அப்புறம் நெஜமாவே இல்லாமப் போயிடும்" என்பார் அவர்.

மருமகள் வந்த புதிதில் சிரித்தாள். "அப்ப நெஜமாவே நிறைஞ்சிருந்தா என்ன சொல்றது அத்தை?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். பேசாம பரிமாறு."

அன்று உறவுக் கூட்டம் உண்டு முடித்துக் கிளம்பிவிட்டது. வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டு வீட்டம்மாதான் திறந்தாள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. நடுத்தர வயதும் சொல்லலாம், முதுமையும் சொல்லலாம். மழை பெய்து தெரு முழுக்கச் சேறாகக் கிடந்தது. அவர் செருப்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. மகன் வாசலில் கட்டியிருந்த கிழட்டு நாய், காற்று அசைந்தாலே குரைக்கும் நாய், கால்களுக்கிடையில் தலையைப் புதைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"வாசனை வந்துச்சு. அதான் வந்தேன்" என்றார் வந்தவர். "பெரியவர் இருந்தப்ப இங்க சாப்பிட்டிருக்கேன்."

மாமனாரின் பெயரைச் சொல்லி வந்தவரிடம் வேறென்ன கேட்பது? உள்ளே வந்தார். யாரும் உட்காராத மாமனாரின் நாற்காலியில், காட்டுவதற்கு முன்பே, உட்கார்ந்தார். வீட்டம்மா அடுப்படியை நோக்கிக் குரல் கொடுத்தாள். "சட்டி எப்படிம்மா இருக்கு?"

மருமகளின் பதில் கணீரென்று வந்தது. வீட்டுப் பேச்சு பழகிவிட்ட பெருமை அதில் இருந்தது. "நிறைஞ்சிருக்கு அத்தை!"

அதற்கு அந்த வீட்டில் ஒரே பொருள்தான். வழித்தாகிவிட்டது, சீக்கிரம் வேறு வழி பாருங்கள். ஆனால் வந்தவர் அந்த வீட்டுக்காரர் இல்லையே. அவர் முகம் மெதுவாக அடுப்படிப் பக்கம் திரும்பியது.

"நிறைஞ்சிருந்தா போடுங்க" என்றார்.

அடுப்படியில் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஏழாம் மாத வயிறும் சேர்ந்து குலுங்கியது. "மாட்டிக்கிட்டோம் அத்தை. முட்டை உடைச்சு ஊத்தவா?"

"சிரிச்சது போதும். சட்டியைக் கழுவணும், தள்ளு" என்று சொல்லிக்கொண்டே வீட்டம்மா சட்டியைத் தூக்கியபோதுதான் அது கனத்தது.

மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. அடுப்பு அணைந்து வெகு நேரமாகியிருந்தும், சட்டியின் விளிம்பு வரை கறி மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே நெய்யாக மிதந்தது கொழுப்பு. மிளகு வாசனை, இஞ்சி வாசனை, அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை. தெரிந்த வாசனைதான், அடுப்படியில் இருக்க வேண்டிய வாசனை இல்லை. மழையில் நனைந்து காய்ந்த ரோமத்தின் வாசனை.

மருமகளின் சிரிப்பு நின்றிருந்தது. "நான் வழிச்சேன் அத்தை. கரண்டி அடியில பட்டுச் சத்தம் வந்துச்சு. நீங்களும் கேட்டீங்க."

கேட்டிருந்தாள். ஆனால் முன்னறையில் ஒருவர் வெறும் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். "நல்லாப் பாத்திருக்க மாட்டே. அந்தப் பெரிய கிண்ணத்தை எடு" என்றாள்.

வந்தவர் சாப்பிட்டதில் சத்தமே வரவில்லை. எலும்பை வாய்க்குக் கொண்டுபோனார். வெளுத்த எலும்பாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். உறிஞ்சும் ஓசையோ மெல்லும் ஓசையோ கிடையாது. சுவர்க் கடிகாரத்தின் ஓசை மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. தட்டு காலியானதும் தலை நிமிர்ந்தார்.

"இன்னும் இருக்கா?"

"நிறைஞ்சிருக்கு" என்றது வீட்டம்மாவின் வாய். தீர்ந்துவிட்டது என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அவள் நாக்குக்கு அதற்கு வேறு சொல் தெரியாது. திரும்பிப் போய்ப் பார்த்தாள். சட்டி விளிம்பு வரை இருந்தது.

கடைசியில் அவர் கை கழுவினார். வாசலில் நின்று, "வர்றேன்" என்றார்.

"போயிட்டு வாங்க" என்றாள் வீட்டம்மா.

வாசலில் நின்று 'போறேன்' என்று யார் சொல்வார்கள்? விடை பெறும்போது எல்லோரும் சொல்வது 'வர்றேன்'தான். வழியனுப்புகிறவர்கள் சொல்வது 'வாங்க'தான். யாரும் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வதில்லை.

மறுநாள் அதே வெளிச்சத்தில் கதவு தட்டப்பட்டது.

அதன் பிறகு தினமும். சாயங்காலம் மங்கி, தெருவிளக்கு எரியலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நேரம் வந்தால் அந்த மென்மையான தட்டல் கேட்கும். நாய் முதலில் இளைத்தது. வைத்த கறியும் சோறும் மிச்சமில்லாமல் தின்றும் விலா எலும்பு தெரிந்தது. பிறகு ஒரு காலையில் சங்கிலி கிடந்தது. சங்கிலி முனையில் கழுத்துப் பட்டை, கொக்கி போட்டபடியே, வட்டமாகக் கிடந்தது. உள்ளே நாய் இல்லை. மகன் தெருத் தெருவாகத் தேடினான். வீட்டம்மா தேடவில்லை. அந்த ரோம வாசனையை அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை. அவள் சமையலில் நாய் வாசனை வந்தது என்று அவளே சொல்வதா?

அன்று சாயங்காலச் சட்டியில் அந்த வாசனை இல்லை. வேறொன்று இருந்தது. மூக்குப்பொடி.

அந்த வீட்டில் மூக்குப்பொடி போடுகிறவர் ஒருவர்தான். அவள் கணவர். துறைமுகச் சந்தையில் மீன் கூடைகளை எடை போட்டே தலை நரைத்தவர் என்பதால் ஊரில் எல்லோருக்கும் அவர் எடைக்காரர். வேலையை விட்டபோது பழைய பெரிய தராசை விடவில்லை. அதைக் கொண்டுவந்து பின்கட்டு உத்தரத்தில் மாட்டிவிட்டார். மாதம் ஒருமுறை மருமகளை ஒரு தட்டில் உட்காரவைத்து, மறுதட்டில் எடைக்கல்லை அடுக்குவார். "பேரன் இந்த மாசம் நல்லா வெட்டியிருக்கான்!" என்று உரக்கச் சொல்லித் தொடையில் தட்டிக்கொள்வார். "பேத்தியா இருந்தா இன்னும் ஒரு கல்லு கூட வைப்பீங்களா மாமா?" என்பாள் அவள்.

இப்போது எடைக்காரர் தானே தட்டில் ஏறி உட்கார்ந்தார். வழக்கமான கற்களை மகன் மறுதட்டில் வைத்தான். எடைக்காரர் மெல்ல மேலே எழுந்தார். கால்கள் தரையை விட்டு வெகு உயரத்தில் தொங்கின. ஒரு கல்லை எடுக்கச் சொன்னார். இன்னொன்றை எடுக்கச் சொன்னார். அப்புறம் எடுக்கச் சொல்லவில்லை. தட்டில் உட்கார்ந்தபடியே முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்தியர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். நோய் ஒன்றும் தெரியவில்லை, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். அந்த வீட்டில் வந்து அதைச் சொன்னார்.

"இங்க பாரு" என்றார் எடைக்காரர், படுக்கையில் இருந்தபடி. அதற்குள் படுக்கையோடு படுக்கையாகிவிட்டிருந்தார். "ஆயுசு பூரா நிறுத்தவன் சொல்றேன். ஒரு தட்டு ஏறினா ஒரு தட்டு இறங்கணும். இங்க குறையறது எங்கயோ கூடுது. எங்க கூடுதுன்னு உனக்குத் தெரியும்."

வீட்டம்மா போர்வையை இழுத்துவிட்டாள்.

"இல்லைன்னு சொல்லிடு. ஒரு சொல்லு. முடிஞ்சுது."

"உங்கப்பா உட்கார்ந்த நாற்காலியில உட்கார்ந்து ஒருத்தர் சோறு கேக்கறார். இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"வீடே இல்லாமப் போகப்போகுது. உனக்குப் பேரு பெரிசாப் போச்சு."

மகன் வேறு மாதிரி ஆள். பனிக்கட்டி ஆலையில் மாலை முறை வேலை. கல்யாண மோதிரம் இளைத்த விரலை விட்டு நழுவிப் பனிக்கட்டிக்குள் விழுந்த கோபத்தில் வந்து நின்றான். "அம்மா, ஆலையில இருந்து நாலு பேரைக் கூட்டிட்டு வரேன். சட்டையைப் பிடிச்சு வெளிய தள்ளிடறோம்."

"சாப்பிட வந்தவரைத் தள்ளின வீடுன்னு பேர் வாங்கவா? இந்தப் பேச்சு என் காதுல விழக்கூடாது."

ஆனாலும் அவள் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் அடுப்பே மூட்டவில்லை. எல்லாப் பாத்திரங்களையும் தேய்த்துக் கழுவிப் பலகையில் கவிழ்த்தாள். கதவைத் தாழிட்டாள். தட்டல் கேட்டது, அசையாமல் நின்றாள். தட்டல் நின்றது. மூச்சு விட்டுத் திரும்பினாள். நாற்காலியில் அவர் இருந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

"வாசனை வந்துச்சு" என்றார்.

வாசனை வந்துகொண்டுதான் இருந்தது. குளிர்ந்த அடுப்பின் மேல், யாரும் நிமிர்த்தாத சட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"இருக்கா?"

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டாள். தலைமுறை தலைமுறையாக அந்த வாசலுக்கு இருந்த பெயர் அவள் பல்லைப் பிடித்துத் திறந்தது. "நிறைஞ்சிருக்கு."

அன்று இரண்டாம் முறை பரிமாறும்போது ஆவியில் ஒரு புது வாசனை நூலிழை போல வந்தது. மூக்குப்பொடிக்கும் மிளகுக்கும் நடுவே, இளஞ்சூடாக, இனிப்பாக. கரண்டியோடு நின்றுவிட்டாள். பால் வாசனை. தன் மகன் பிறந்தபோது அவன் உச்சந்தலையில் முகர்ந்த அதே வாசனை.

மறுநாள் காலை மருத்துவச்சி வந்து மருமகளின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். இன்னொரு முறை தடவினாள். "போன தடவைக்குக் குறைஞ்சிருக்கே. வயித்துப் புள்ள வளராம நிக்கும், பாத்திருக்கேன். குறையாதே?"

மருமகள் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். இப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வருவதில்லை.

வீட்டம்மா அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டின் பெயரை யாருக்காகக் காப்பது? அதைச் சுமக்க அடுத்து ஒரு தோள் வேண்டாமா? இன்றைக்குச் சொல்லிவிடுவது. ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். மாமனார் மேலிருந்து பார்த்தாலும் பார்க்கட்டும்.

சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. 'இ' வந்தது, மீதி தொண்டையில் நின்றது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உப்பு ஜாடியின் எதிரே நின்றாள்.

"உப்பு இல்லை."

சின்னச் சத்தம்தான். ஆனால் அடுப்படி முழுவதும் அதைக் கேட்டதுபோல ஒரு அமைதி. ஜாடியைத் திறந்தாள். காலையில் கழுத்து வரை நிரப்பிய ஜாடி. அடியில் வெள்ளைப் பீங்கான் தெரிந்தது. ஒரு கல் உப்புக்கூட ஒட்டியிருக்கவில்லை.

ஜாடியை அவசரமாக மூடினாள். ஆனால் மனம் துள்ளியது. சொல் வேலை செய்கிறது! சட்டியையும் இப்படியே காலி செய்துவிடலாம். அன்று பகல் முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பழகினாள். பெருக்கும்போது, துவைக்கும்போது, எடைக்காரரைத் துணி மூட்டை போல ஒரு கையால் தூக்கிப் படுக்கை மாற்றும்போது. பெயர் எதையும் சேர்க்காமல், வெறும் சொல்லை மட்டும், மூச்சுக்குள். அவர் 'இருக்கா' என்று கேட்ட நொடியே வாயிலிருந்து விழ வேண்டும். யோசித்தால் பழைய சொல் முந்திக்கொள்ளும். யோசிக்கவே கூடாது.

மகனை வேலைக்கு அனுப்பினாள். மருமகளை உள்ளறையில் படுக்கவைத்துக் கதவை ஒருக்களித்தாள். "என்ன கேட்டாலும் நீ வெளிய வராதே."

"பயமா இருக்கு அத்தை."

"இன்னையோட சரி."

வெளிச்சம் மங்கியது. தெருவிளக்கு எரியவில்லை. தட்டல்.

கதவைத் தானே திறந்தாள். அவர் வந்தார். உட்கார்ந்தார். அவள் எதிரே நின்றாள், முதுகு நிமிர்ந்து, கைகளைக் கோத்து. உள்ளங்கை ஈரம். கடிகாரம். எடைக்காரரின் மூச்சு, காகிதம் உரசுவது போல, பக்கத்து அறையில். அடுப்படியில் ஏதோ மெல்லக் கொதிக்கும் ஓசை.

அவர் தட்டைப் பார்க்கவில்லை. அடுப்படியையும் பார்க்கவில்லை. அவர் முகம் மெதுவாகத் திரும்பியது. ஒருக்களித்த கதவின் பக்கம்.

"உள்ள இருக்கா?"

"இல்லை."

விழுந்துவிட்டது. நினைத்தபடியே, யோசிக்கும் முன்.

அவர் அவளைப் பார்த்தார். முதல் முறையாகப் புன்னகைத்தார். சாப்பிட்டு வயிறு நிறைந்தவரின் புன்னகை. நாற்காலியை ஓசையில்லாமல் பின்னால் தள்ளி எழுந்தார். வாசலுக்குப் போனார். நின்றார்.

"போறேன்" என்றார்.

வர்றேன் என்று சொல்லவில்லை. போறேன்.

கதவு சாத்திக்கொண்டது. வீட்டம்மா தாழ்ப்பாளைப் போட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். போய்விட்டார். இனி வரமாட்டார். ஒரு சொல், எடைக்காரர் சொன்னபடியே, ஒரே ஒரு சொல். தெருவிளக்கு எரிந்தது. மூச்சை முழுதாக உள்ளே இழுத்தாள்.

பால் வாசனை.

அடுப்படியிலிருந்து. மிளகு இல்லை, இஞ்சி இல்லை, மூக்குப்பொடி இல்லை. பால் மட்டும். வீடு முழுக்க.

அவர் என்ன கேட்டார்?

வழக்கமாகக் கேட்பதுதானே. இருக்கா என்றுதானே. இருக்கா. அதற்கு முன்னால் ஒன்று.

உள்ள.

எதற்குள்ளே?

உள்ளறைக் கதவு முனகியது. மருமகள் நின்றாள். தூக்கத்திலிருந்து எழுந்தவள் போல முகம். இரண்டு கைகளும் வயிற்றின் மேல். தேடின. மேலே, கீழே, பக்கவாட்டில். தளர்ந்து தொங்கிய அங்கியைக் கொத்தாகப் பிடித்தன, விட்டன, மறுபடி பிடித்தன. துணிக்கு அடியில் துணி. அதற்கு அடியில் தட்டையான, கன்னிப்பெண்ணின் வயிறு. வலி இல்லை. இரத்தம் இல்லை. ஒன்றும் இல்லை.

"அத்தை?"

வீட்டம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எது வருமோ.

அடுப்படியில் மூடி அசைந்தது. கொதியில் அசைவது போல இல்லை. நின்று நின்று. உள்ளிருந்து சின்னதாக ஏதோ தட்டுவது போல.

மருமகள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். கைகள் வயிற்றில் தேடுவதை நிறுத்தின. கண்கள் மெல்ல அடுப்படி வாசலுக்குப் போயின.

"அத்தை... சட்டி எப்படி இருக்கு?"

மூடி மறுபடி தட்டியது.

"நிறைஞ்சிருக்கு" என்றாள் வீட்டம்மா.